உள்ளே கொண்டுவந்த கறிவேப்பிலை

கறிவேப்பிலைச் செடியை முதல் பனி விழுவதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இந்தக் காப்பெல் ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதில் கோட்டைவிட்டுவிட்டு, பிறகு காய்ந்த குச்சியைப் பார்த்துப் புலம்புவார்கள். நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. குளிர் முடியும்வரை என் செடி ஹாலில், தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவோரம் நிற்கும்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், மேடம். டிடெக்டிவிடம் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், நான் கொஞ்சம் நின்றுகொண்டு பேசுகிறேன். உட்கார்ந்தால் கால் நமநமவென்கிறது.

இந்த வருஷம் செடியோடு மாவுப்பூச்சியும் உள்ளே வந்துவிட்டது. காம்பில் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். ஹீட்டர் கதகதப்பில் அது பாட்டுக்குக் குடும்பம் நடத்தும். தரையெல்லாம் பிசுபிசுப்பு. பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தேன். சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய் எல்லாம் ஆயிற்று. வீட்டிலிருந்தே பேசும் ஆபீஸ் மீட்டிங் நடுவிலும் எழுந்துபோய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். துடைத்த இடத்திலேயே மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

அதே சமயத்தில்தான் செல்வராஜ் மச்சானும் வந்தார். என் மனைவி வான்மதியின் அண்ணன். சான் ஹோசேயில் வேலை போனதும், அடுத்தது கிடைக்கும்வரை என்று வந்தவர். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. நல்ல மனுஷர். என்ன, கதவோரம் இருந்த என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எந்நேரமும் டிவி, ஸ்பீக்கரில் போன். என் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் கராஜுக்கும் மாடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வான்மதியிடம் சொன்னால், "எங்கண்ணன் என்ன ரோட்லயா போய் நிக்கணும்?" என்பாள்.

மச்சானுக்குச் சர்க்கரை. வெறும் வயிற்றில் பச்சைக் கறிவேப்பிலை மென்றால் இறங்கும் என்று யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். பல் தேய்த்ததும் ஒரு கைப்பிடி உருவி மெல்லுவார். அதுவும் கொழுந்தாகப் பார்த்து. பூச்சியிடமிருந்து நான் காப்பாற்றி வைத்த கொழுந்து.

அப்புறம்தான் அந்தக் குருணைப் பூச்சிமருந்தை வாங்கினேன். மண்ணில் போட்டால் வேர் வழியாக ஏறி எல்லா இலைக்கும் போய்விடும். இலையோ காயோ பறித்துச் சாப்பிடும் செடிகளுக்குப் போடக் கூடாது என்று டப்பாவிலேயே இருந்தது. நிதானமாகப் படித்தேன். அளவுக்கு மேலேயே போட்டேன்.

சமையலுக்குத் தனியாக இந்தியன் ஸ்டோரில் கறிவேப்பிலை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். செடி கொஞ்சம் தேறட்டும் என்று வான்மதியிடம் சொன்னேன். அவளுக்கும் மகள் ஸ்ம்ருதிக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதல்லவா.

ஒருநாள் மச்சானே தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன மாப்ளே, உரமா?"

"பூச்சிக்குப் போட்டது மச்சான்."

"அப்ப இலைய திங்கலாம்ல?"

"நல்லா கழுவிட்டுச் சாப்பிடுங்க."

ஒவ்வோர் இலையாகக் குழாயில் காட்டிக் கழுவினார். மருந்து இலைக்குள்ளே இருக்கும்போது மேலே கழுவி என்ன ஆகப்போகிறது. அது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. சர்க்கரைதான் ஏறிவிட்டது என்று அவர் இலையை இன்னும் கூட்டிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. கடைசியில் எமர்ஜென்சிக்கு நான்தான் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். இட்லி என்றேன். அதுவும் உண்மைதான். அப்போதே மருந்தைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். மறுநாள் போய்விட்டார். வான்மதி அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் இலையைக்கூட நான் பறித்து அவர் கையில் கொடுக்கவில்லை. கழுவித் தின்னுங்கள் என்றுகூடச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு மாப்பிள்ளை என்ன செய்ய முடியும்?

செடியில் இப்போது ஒரு பூச்சி இல்லை. நாற்காலியும் எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் அதில் போய் உட்கார்ந்தால் போதும், கால் நமநமவென்கிறது. வேறு ஏதோ பூச்சி கடித்திருக்கும்.