கராச்சர்மா குழந்தைவேலு காலத்தை வெல்வானா?

கூட்டத்தைக் கூட்டிவிட்டு, "சுருக்கமாகப் பேசப்பா" என்று என் காதைக் கடித்த அவைத்தலைவர் இராமகிருஷ்ணன் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்தக் கூட்டத்தின் உற்சாகத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் பக்தவத்சலம் அவர்களே! வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் இந்தப் பஜார்த் திடலுக்கு வந்திருக்கும் பெரியோர்களே! புரோத்ராபூரிலிருந்து கடைசிப் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தமிழ் புரியாவிட்டாலும் நம் தம்பிக்காக வந்திருக்கும் வங்காளத்து, ஆந்திரத்து, ராஞ்சி நண்பர்களே! உங்கள் அனைவருக்கும், அபர்தீன் பஜாரில் துணிக்கடை நடத்துகிறவனும் நமது அந்தமான் குத்துச்சண்டைக் கழகத்தின் செயலாளனுமான இந்த ராஜமாணிக்கத்தின் வணக்கம்!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? கல்கத்தாவில் நடக்கப்போகும் அகில இந்திய ஹெவிவெயிட் போட்டிக்கு, நமது கராச்சர்மா ஊர்க் குழந்தைவேலுவை வழியனுப்பக் கூடியிருக்கிறோம். நாளைக் காலையில் கப்பல். மேடையின் ஓரத்தில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். பெயர் வைத்தபோது குழந்தைதான், ஐயா. அதற்குப் பிறகு அவன் யாரையும் கேட்காமல் வளர்ந்துவிட்டான்!

பக்தவத்சலம் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "இவன் நல்ல வீரன், மறுக்கவில்லை. ஆனால் காலமெல்லாம் பெயர் சொல்லும் மாவீரன் ஆவானா? அவன் எடைக்கு எடை நிற்க இந்தத் தீவில் ஓர் ஆள் உண்டா? சமமான ஆளோடு மோதாதவன் எப்படி வளர்வான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் கோபப்படவில்லை. என் முகம் எப்போதுமே இப்படித்தான் இருக்கும்.

ஐயா, எடைக்கு எடை ஆள் இல்லை என்பது உண்மை. அதற்காகத் தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தானா? சாத்தம் மரக்கிடங்கில் படாக்கு மரத்தைப் புரட்டுகிற வேலை முடிந்ததும், அவனுக்கு எதிரே வந்து நிற்பது ஓர் ஆளா? மூன்று ஆள், ஐயா, மூன்று ஆள்! முதல் சுற்றுக்கு ராஞ்சிக்காரர் பிர்சா. காட்டில் கோடரி பிடித்த தோள் அது. அவர் களைத்து இறங்கினால், வலை இழுக்கும் தெலுங்குத் தம்பி ஏறுவான். கண் சிமிட்டுவதற்குள் நான்கு குத்து விடுவான். அவன் இறங்கினால் கார் நிக்கோபார் நண்பர். அவர் எந்தப் பக்கம் இருந்து வருவார் என்று அவருக்கே தெரியாது! ஒவ்வொரு சுற்றுக்கும் எதிராளி புதியவன், தம்பி மட்டும் பழையவன். ஓய்வு யாருக்கு? எதிராளிக்கு! உழைப்பு யாருக்கு? நம்மவனுக்கு! மெயின்லேண்டில் எந்த வீரன் இப்படிப் பழகியிருக்கிறான்? சொல்லுங்கள். சமமான ஓர் ஆள் கிடைக்காதவனுக்கு ஒரு தீவே எதிரே வந்து நின்று தோள் கொடுத்தது.

என்ன அங்கே சத்தம்? "போன வருஷம் விழுந்தானே" என்கிறாரா? யார் அது, சிப்பிகாட் சிவஞானமா? எழுந்து நின்று கேளுங்கள் ஐயா, வெட்கம் என்ன! விழுந்தான். ஆமாம், விழுந்தான். அதையும் சொல்லத்தான் வந்தேன்.

போன வருஷம் கல்கத்தாப் போட்டியில் அங்கே இருந்தவன் நான். கூடவே போனவன் நான். போட்டிக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேரும் கப்பல் என்று ஏறினோம். கடல் நம் சொல்லைக் கேட்குமா? புறப்படும்போதே காற்று. நடுக்கடலில் மழை. ஹூக்ளி ஆற்று வாயில் கடலின் ஏற்றநீர் வரட்டும் என்று நங்கூரம் போட்டுவிட்டார்கள். கிதிர்பூர் துறையில் இறங்கியது போட்டி நாள் மத்தியானம். வந்து சேர்ந்தாயிற்று, போதும் என்று நினைத்தோம். தீவுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நமக்குக் கப்பல் கரை தொட்டாலே பாதி வெற்றி. இறங்கிய ஆள் கரை சேர்ந்தானா என்று யாரும் பார்ப்பதில்லை.

தாய்மார்களே, கப்பலை விட்டு இறங்கிய அன்று குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லையா நீங்கள்? சோறு பரிமாறும்போது தரை ஆடியதில்லையா? சிரிக்கிறீர்கள்! இந்தத் திடலில் ஆடாத கால் ஒன்று இருந்தால் காட்டுங்கள், நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். தலைவர் அவசரமாகத் தன் காலைப் பார்க்கிறார். வேண்டாம் ஐயா, நீங்கள் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலோடு மேடை ஏறினான் தம்பி. எதிரே பட்டாளத்து சாம்பியன். மணி அடித்தது. தம்பி ஓர் அடி எடுத்து வைத்தான். அவன் காலுக்கு மேடை சாய்ந்தது. கப்பலில் சாய்கிற மாதிரி மறுபக்கம் சாய்ந்தான். மேடை சாயவில்லை, அவன் சாய்ந்தான். எதிராளி கை நீட்டவே இல்லை, நம் ஆள் கீழே! கல்கத்தாவே சிரித்தது. என் பின்னாலிருந்த ஒருவன் "தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்" என்று இந்தியில் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஆனால் தம்பி அழவில்லை. எழுந்தான். மூலைக்குப் போனான். முதுகைக் கயிற்றில் சாய்த்தான். "வா" என்றான். ஆடுகிற காலை நம்பாமல், ஆடாத கையை நம்பி நின்றான். அந்த மூலையை விட்டு அசையாமல் கடைசி மணி வரைக்கும் நின்றான். புள்ளிக் கணக்கில் தோற்றான், ஒப்புக்கொள்கிறேன். பேப்பர்காரர்கள் "அந்தமான் வீரருக்குக் கால் இல்லை" என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். ஜெயித்த அந்தப் பட்டாளத்துக்காரர் வீங்கிய கையோடு எங்கள் அறைக்கு வந்தார். தம்பியின் தோளைத் தொட்டு, "பாயீ, ஜிஸ் தின் தூ ஸீதா கடா ஹோகா, உஸ் தின் மேரா க்யா ஹோகா?" என்றார். தம்பி, நீ நேராக நிற்கிற நாளில் என் கதி என்ன என்று கேட்டார்! பக்தவத்சலம் ஐயா, பட்டாளத்து சாம்பியனே பயந்த பிறகு, நாம் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

காலமெல்லாம் பெயர் சொல்லும் வீரன் ஆவானா? ஆவான்! வேகத்தால் ஆவானா? வேகமும் உண்டு. வலிமையால் ஆவானா? வலிமையும் உண்டு. ஆனால் காலே இல்லாத நாளில் கையால் மட்டும் நின்றவன் எவனோ, அவனுக்குத்தான் காலம் கை கொடுக்கும்! மெயின்லேண்டில் நாம் போய் இறங்கினால் என்ன கேட்கிறார்கள்? "அந்தமானா? ஜெயில் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். காடு திருத்தியதைக் கேட்கிறார்களா? கழனி விளைந்ததைக் கேட்கிறார்களா? பத்து மொழிக்காரர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதைக் கேட்கிறார்களா? ஜெயிலைக் கேட்கிறார்கள். "அந்தமானா? குழந்தைவேலு எப்படி இருக்கிறார்?" என்று கேட்கும் காலம் வரும். வந்தே தீரும்!

கை தட்டாதீர்கள். பொறுங்கள். கை தட்டும் நேரம் இன்னும் வரவில்லை.

நேற்று மாலை தம்பி என் கடைக்கு வந்தான். "அண்ணே, நாளன்னைக்கு ஜஹாஸ்ல நான் போகல. அடுத்ததுல போறேன். பூங்கோதைக்கு இது மாசம்" என்றான். பூங்கோதை அவன் மனைவி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாளைக் கப்பலில் போனால், போட்டிக்கு முன் கரையில் கால் ஊன்ற இரண்டு வாரம் கிடைக்கும். அடுத்த கப்பலில் போனால், போன வருஷத்துக் கதைதான். ஆனால் தலைப்பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் நினைத்தால், அதைத் தவறு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது. இந்தக் கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுவதற்காகக் கூடிய கூட்டம் அல்ல.

யாரது, பெண்கள் பக்கம்? தம்பியின் தாயார் விசாலாட்சி அம்மாளா? சொல்லுங்கள் அம்மா, மைக் இல்லாவிட்டால் பரவாயில்லை, நான் திருப்பிச் சொல்கிறேன். "பெத்துக்கப் போறது அவளா, அவனா? இவன் இங்க உக்காந்து என்ன பண்ணப் போறான், வெந்நீர் வைப்பானா?" என்கிறார்! கேட்டாயா தம்பி? அம்மா, வெந்நீர் வைப்பான் அம்மா, கேவலமாகப் பேசாதீர்கள்.

இருங்கள், இருங்கள். சத்தம் வேண்டாம். பூங்கோதை எழுந்து நிற்கிறது. சொல்லம்மா. பயப்படாதே, எல்லாம் நம் மனிதர்கள்தான்.

என்ன சொன்னது கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். "கால் ஊணி நின்னு அவர் ஒரு தடவை சண்டை போட்டதை நான் இன்னும் பார்க்கல அண்ணே. மெயின்லேண்டும் பார்க்கல. காலையில ஏத்தி விடுங்க. புள்ள பொறந்தா நான் தந்தி அடிக்கிறேன். ஜெயிச்சா அவர் தந்தி அடிக்கட்டும். யார் தந்தி முந்துதுன்னு பார்ப்போம்" என்கிறது!

இப்போது தட்டுங்கள் கையை! இதற்காகத்தான் நிறுத்தி வைத்தேன்! பிர்சா பாய், ஸம்ஜா க்யா, புரிந்ததா? ஆமாம், போகச் சொல்லிவிட்டது!

இதோ தம்பி எழுந்துவிட்டான். எந்த மேடையிலும் வாய் திறக்காதவன், மைக்குக்கு வருகிறான். வழி விடுகிறேன், பேசு தம்பி. என்ன? இவ்வளவுதானா? சபையோர்களே, தம்பி பேசிய முதல் மேடைப்பேச்சு இது: "ஜஹாஸ் எத்தனை மணிக்கு அண்ணே?"

ஆறு மணிக்கடா, ஐந்துக்கே சாத்தம் ஜெட்டியில் இரு! நாங்கள் எல்லோரும் அங்கே நிற்போம்.

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட பக்தவத்சலம் ஐயாவுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மகனை அதட்டிய விசாலாட்சி அம்மாளுக்கும் நன்றி. எல்லோருக்கும் மேலாக, என் அன்புத் தங்கை பூங்கோதைக்கு நன்றி. அடடா, அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறது! யாராவது ஒரு நாற்காலி கொடுங்கள் ஐயா! வணக்கம்!