காது முழுவதும் மூட வேண்டும்

விலை குறைந்த ஹெட்செட் வாங்குகிறவர்கள் எல்லோரும் மைக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள், சார். அது வீண் வேலை. காதுப் பஞ்சைப் பார்க்க வேண்டும். காதின் மேல் சும்மா உட்காரும் பஞ்சு உதவாது, காதை முழுவதும் மூட வேண்டும். வயர்லெஸ்ஸும் நமக்கெதற்கு? டிவி விளையாட்டுக் கன்சோலின் கண்ட்ரோலரில் குத்துகிற வயர் போதும்.

பதுளை பஜாரில் ஸாஹிர் நானாவின் கடையில் நாலு ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தேன். கன்சோலை ஓடவிட்டு, கண்ணாடி மேசையைக் கோப்பையால் தட்டச் சொன்னேன்.

"என்ன தம்பி, ஊட்டுப் பக்கம் கட்டட வேலயா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் நானா" என்றேன். நாலாவதில் அவர் கை அசைந்தது, சத்தம் வரவில்லை. அதையே வாங்கினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே சுவர். அதைத் தட்டினால் பக்கத்துக் காம்பரா ஓடிவரும். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. பிரசவமோ பாம்போ, வந்த பிறகுதான் தெரியும். அப்பா கந்தப்பனுக்குப் பக்கவாதம் வந்து வாய் குழறியபின், மிச்சமிருந்த பேச்சு அந்தத் தட்டல்தான். நான் முன்னறையில் டிவியுடன் இருப்பேன். அவர் உள்ளறையில் படுத்தபடி தகரக் கோப்பையால் மணிக்குப் பத்துத் தடவை தட்டுவார்.

எதற்கென்று நினைக்கிறீர்கள்? சளி. தாடையில் வழிந்து கழுத்து மடிப்பில் காய்ந்து கிடக்கும், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இடுப்பில் கட்டிய சாரத்தை மாற்றினால் அரை மணியில் மறுபடி நனைத்துவிடுவார். சோறு பிசைகிற என் விரலிலேயே அந்த நாற்றம் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அவரைப் பார்த்தாலே குமட்டியது. கொழும்பு வேலையை விட்டுவந்து ஏழு மாதம் செய்தேன். வேறு யார் செய்வார்கள்?

அடுத்த தொல்லை, பக்கத்துக் காம்பரா பெரியாயி அக்கா. மதியம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வருகிறவர், தட்டல் கேட்டால் அப்படியே கூடையோடு நுழைந்துவிடுவார். "ஏன் விஜேந்திரா, மனுசன் ஈரத்துல கெடக்குறாரு, நீ பொம்ம வெளயாடிக்கிட்டு இருக்கியே" என்பார், நாலு பேர் காதில் விழும்படி. எனக்கு அது பெரிய அவமானம்.

ஹெட்செட் வாங்கிய அன்றே அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். "அக்கா, அப்பாவுக்குப் புத்தி பெசகிருச்சு. சும்மாவே தட்டுறாரு. ஆள் வந்தா இன்னும் கூடிப்போவும்னு டொக்டர் சொல்லிட்டாரு. இனிமே தட்டுனா வராதீங்க, நான் இருக்கேன்ல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி சாமி, நீ பாத்துக்க" என்றார். டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. லயம் முழுக்கப் பெரியாயி அக்காவே போய்ச் சொல்லிவிட்டார், எனக்கு அலைச்சல் மிச்சம்.

வியாழக்கிழமை அப்பா கட்டிலிலிருந்து உருண்டு, எடுத்த வாந்தியிலேயே குப்புற விழுந்திருக்கிறார். பகல் ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். பெரியாயி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டே தட்டலைக் கேட்டாராம், இப்போது மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார். அவர் மேல் தப்பில்லை என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் மேலும் தப்பில்லை. காதில் ஹெட்செட், விளையாட்டில் வெடிச்சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று காலை பத்திலிருந்து இரண்டு வரை எங்கள் தோட்டத்தில் கரண்ட் இல்லையே என்கிறீர்கள். உண்மைதான். டிவி கறுப்பாகத்தான் இருந்தது. ஹெட்செட்டைக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டு ஓடாவிட்டால் அந்தப் பஞ்சு அவ்வளவு நல்லதில்லை சார், தட்டுவது மெல்லக் கேட்கும். ஒன்று இருபதுக்கு நின்றது. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கழற்றினேன்.