பெண்கள் காட்சியில் ஓடிய அறுபது அடி

கண்டிப் பொலிஸ் நிலையத்தில் 1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி திங்கட்கிழமை காலை பதியப்பட்ட வாக்குமூலம்.

பெயர் சாஹுல் ஹமீது. வயது 31. சமயம் இஸ்லாம். இருப்பிடம் கட்டுகஸ்தோட்டை. தொழில் கண்டி பயாஸ்கோப் மண்டபத்தில் படம் ஓட்டுவது.

சென்ற வாரம் எங்கள் மண்டபத்தில் உறவால் தொற்றும் மேக நோயைப் பற்றிய சுகாதாரப் படம் ஓடியது. மாலைக் காட்சிகள் ஆண்களுக்கு. சனிக்கிழமை மூன்று மணிக் காட்சி பெண்களுக்கு மட்டும். பார்வை போன ஒரு கைக்குழந்தையையும் அதன் தகப்பனையும் காட்டும் அறுபது அடிப் பிலிம் துண்டை ஆண்கள் பார்க்கலாம், பெண்களுக்குக் காட்டக் கூடாது என்பது தணிக்கைச் சபையின் கட்டளை. ஆகவே பெண்கள் காட்சிக்கு முன் நான் அதை வெட்டித் தகரப் பெட்டியில் வைத்து, மாலையில் பசை போட்டு மறுபடி ஒட்ட வேண்டும். பிள்ளை பெறுகிறவளுக்கு மட்டும் மறைக்க வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை நான் அதை வெட்டவில்லை. காட்சி தொடங்குமுன் மானேஜர் நடராஜா ஆண் வேலையாட்களை வெளியே அனுப்பி, தானும் போய்க் கதவைச் சாத்தினார். மேலே மெஷின் அறையில் இருந்த நான் ஒருவனே ஆண். எங்கள் முஸ்லிம் பெண்கள் திரை கட்டிய ரிக்ஷாக்களில் வந்திருந்தார்கள். என் மனைவி அனீஸாவை நானே வரச் சொல்லியிருந்தேன். பேசாத படம் ஆனபடியால், திரையில் எழுத்து வரும்போதெல்லாம், சுகாதாரப் பகுதியிலிருந்து வந்த தாதி இராஜேஸ்வரி அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். அந்தத் துண்டு வந்ததும், "இந்தப் பிள்ளையின் கண் போனது தாயின் குற்றமல்ல. தகப்பன் கொண்டுவந்த நோய்" என்று சொன்னார். எங்கள் மெஷின் கையால் சுற்றுவது. நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

எங்கள் மகள் றமீலாவுக்குப் பிறந்து பத்து நாளில் பார்வை போய்விட்டது. வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே போனாள் என்று என் உம்மா மூன்று வருடமாக அனீஸாவைத் திட்டுகிறார். கலியாணத்துக்கு முன் கொழும்பில் எனக்கு அந்த நோய் வந்திருந்தது. வாயால் சொல்ல முடியாத கோழை நான். அதனால் படத்தைச் சொல்ல விட்டேன்.

காட்சி முடிந்த பின் அவள் மெஷின் அறைப் படியில் வந்து நின்று, "ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதன் பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாவலப்பிட்டியில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று புடவைக்கடை முனாப் முதலாளி மண்டபத்துக்கு வந்து, வீட்டில் மனைவி தன்னைக் கேள்வி கேட்கிறாள் என்று சத்தம் போட்டார். முறைப்பாடு செய்தவரும் அவரே. அதன் பின் மானேஜர் என்னிடம், "வெட்ட மறந்துட்டேன்னு சொல்லிடுங்க, அபராதத்தோட போயிடும். இல்லாட்டி லைசென்சும் போகும், உங்க வேலையும் போகும்" என்றார். நான் மறக்கவில்லை. தெரிந்தே ஓட்டினேன். மானேஜருக்கும் தாதிக்கும் இதில் பங்கில்லை.

இதை எழுதிய சார்ஜன், என் நோயைப் பற்றிய வரிகள் வழக்குக்குத் தேவையில்லை, மானம் போகாமல் கோடு போட்டு அடித்துவிடலாம் என்றார். அடிக்க வேண்டாம் என்றேன். கோர்ட்டில் எல்லோர் முன்னும் வாசிப்பார்கள் என்றார். உம்மாவும் வந்திருப்பார், வாசிக்கட்டும் என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது முழுவதும் உள்ளபடி இருக்கிறது, உண்மையும் அதுவே.

ஒப்பம்: சாஹுல் ஹமீது