பெரியவள் பார்த்துக்கொள்வாள்

நின்றுகொண்டே தூங்க எனக்குத் தெரியும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்கும், ஆள் தூங்கிவிடுவேன். என் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால் கண் தானாகத் திறந்துகொள்ளும். ஒருமுறை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். "உட்காரும்மா. நீ என் மேல விழுந்தா என் எலும்புக்கு யாரு பதில் சொல்றது" என்றார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

தூக்கமெல்லாம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், டாக்டர். என் பெரிய மகளைப் பற்றிப் பேசத்தான் பள்ளிக்கூடத்தில் உங்களிடம் அனுப்பினார்கள். என் தூக்கத்தை எதற்கு விசாரிக்கிறீர்கள் என்று முதலில் கடுப்பாக வந்தது. யோசித்துப் பார்த்தால் நீங்கள் கேட்டது சரிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன். அவள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது அல்லவா. இந்த அறைக்குள் பேசுவது இந்த அறைக்குள்ளேயே இருக்கும் என்றீர்கள். நானும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள்தான், அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

என் அப்பா மூட்டை தூக்கினார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் துலக்கினாள். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். நர்சிங் முடித்து வேலை கிடைத்தபோது அப்பா பார்த்தவரிடமெல்லாம் சொன்னார், "என் பொண்ணுக்கு ஃபேனுக்குக் கீழ நிக்கிற வேலை." ஃபேன் இருப்பது உண்மைதான். நிற்பதும் உண்மைதான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டு என்னுடையது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உள்ளங்கை அளவு பிள்ளைகள். அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. டியூட்டி முடிந்து கிளம்புகிறவள், வருகிறவளை ஒவ்வொரு பெட்டியாக அழைத்துப் போக வேண்டும். இவன் பால் குடித்தான், இவளுக்கு மூச்சு அவ்வப்போது நிற்கும், இதன் அப்பா வாசலில் நின்று சண்டை போடுவார், பயப்படாதே. ஹேண்டோவர் என்போம். வருகிறவள் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி, கடைசியில் வாய்திறந்து "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. 'ம்' கொட்டினால் செல்லாது. அந்தச் சொல் வரும்வரை கிளம்புகிறவள் நகரக்கூடாது, அவள் வீடே தீப்பற்றி எரிந்தாலும் சரி. சொல் வந்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு எது நடந்தாலும் எடுத்துக்கொண்டவள்தான் பொறுப்பு. புதிதாக வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். ரொம்பக் கறார் என்று எனக்குப் பெயர்.

வார்டு வாசலில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. களைத்துப்போன பெற்றோருக்கு யோசனைகள். குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். வேலைகளை வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளுங்கள். மூத்த பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் பொறுப்புகளைக் கொடுங்கள், அவர்களுக்குத் தன்னம்பிக்கை வளரும். ஸ்டூல் போட்டு ஏறி அதை ஒட்டியவள் நான். எழுதியவர் நன்றாகத் தூங்கி எழுந்து எழுதியிருப்பார். ஆனால் குறை சொல்ல மாட்டேன். அதில் சொன்னதை எல்லாம் நான் செய்தேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்பி வரப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அவரும் கண்விழித்துச் சம்பாதிக்கிறவர்தான். தூக்கத்தை விற்றுச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. எனக்கு இரவு டியூட்டி இருந்தால் பிள்ளைகள் கீழ்வீட்டு டெய்லர் அக்காவிடம் படுத்துக்கொள்வார்கள். பகலில் அவள் வீடு முழுக்க ஊசியும் கத்தரியும் கிடக்கும், சின்னவனை அங்கே விட முடியாது. சின்னவன் அப்போதுதான் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறியிருந்தான். வாலு என்றுதான் கூப்பிடுவோம். காலையில் அவனைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தால்தான் எனக்குப் படுக்கை. காப்பகம் இல்லாத நாட்களில் பெரியவள். அவளுக்கு எட்டு வயது.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.

"சிஸ்டர், ஹேண்டோவர் எடுத்துக்கிறீங்களா?"

"சொல்லுங்க சிஸ்டர்," என்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"பேஷண்ட் பேரு வாலு. பால் குடிச்சாச்சு. கையில கிடைக்கிறதை வாயில போடுவார். குளியலறைப் பக்கம் விடக்கூடாது."

"கக்கா போனா?"

"பெரிய சிஸ்டரை எழுப்பணும்."

"அப்பாடா. அப்ப எடுத்துக்கிட்டேன்."

என்னைவிடக் கறாராக இருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட என்னைத் தட்டி எழுப்பி, நான் வாய்திறந்து சொல்லும்வரை நகர மாட்டாள். அவள் அப்பா லாரி போகிற வழியிலிருந்து ஃபோன் செய்து, "பெரிய மனுஷி என்ன பண்றாங்க?" என்பார். "டியூட்டியில இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவாள். அதைச் சொல்லிச் சொல்லி லாரி ஷெட்டில் எல்லாரையும் சிரிக்க வைப்பாராம்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. வாலுவுக்குச் சளி. மூக்கு ஒழுகுகிற பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். வார்டில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள், அவளுடைய இரவுகளும் என் தலையில்தான் விழுந்திருந்தன. வீட்டுக்கு வந்து, இரண்டு பேருக்கும் சாப்பிடக் கொடுத்து, குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் குளியலறையில் பெரிய பிளாஸ்டிக் டப்பை நிரப்பி, அந்தக் கதவைச் சாத்தினேன். ஹேண்டோவர் கொடுத்துவிட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் டெய்லர் அக்கா சீருடைக்கு அளவு பார்க்கக் கூப்பிட்டாள். பெரியவள் கீழே போனாள். திரும்பி வந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவன் டப்புக்குள் தலைகுப்புற இருந்தான். அவள்தான் இழுத்து வெளியே போட்டாள். என்னை எழுப்பியது அவள் அலறல்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். அவன் நெஞ்சைவிடச் சின்ன நெஞ்சுகளை அழுத்திப் பழகிய விரல்கள். முறை தவறவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். எல்லாம் முடிந்தபிறகு டியூட்டி டாக்டர், என்னைவிடச் சின்னவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சிஸ்டர், அந்த நேரத்துல குழந்தையை யாரு பார்த்துக்கிட்டிருந்தாங்க?"

பெரியவள் என்னை ஒட்டி நின்றாள். சட்டையெல்லாம் ஈரம். பதில் சொல்ல வாய் திறந்தாள்.

"இவதான்," என்றேன்.

வாய் தவறி வந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையை யாரும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். அவளுக்குப் பறிபோக வேலை இல்லை, பட்டம் இல்லை. என் பெயரைச் சொன்னால் எல்லாம் போய்விடும். போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகவும்தான் சொன்னேன். நான் நினைத்தபடியே நடந்தது. போலீஸ்காரர் வந்தார், எழுதிக்கொண்டார், பெரியவள் தலையில் கைவைத்து, "பாவம், குழந்தை என்ன பண்ணும்" என்று போய்விட்டார். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்றைக்கே, நடைவழியில், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் உன்னை எழுப்பினேன்ல?"

"இல்லடா கண்ணு."

"எழுப்பினேன்மா. எடுத்துக்கிட்டேன்னு நீ சொன்னியே."

"நீ பயந்துபோயிருக்கே. அதான் அப்படித் தோணுது."

குரலை உயர்த்தவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அவள் அப்பா வந்தார். அவளை அடிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டபோது விலக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவளைப் பெரிய மனுஷி என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஃபோன் செய்தால் என்னிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். அவள் பக்கத்திலேயே நிற்பாள், ஒருவேளை கேட்பார் என்று.

டெய்லர் அக்கா மட்டும் ஒருநாள் படியேறி வந்தாள். "அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியாடின்னு நான் கேட்டேனே. சொல்லிட்டேன் அத்தைன்னுதானே சொன்னா?"

"சின்னப் பிள்ளைதானே அக்கா. புது டிரஸ்ஸுக்கு அளவு குடுக்கிற அவசரத்துல சொல்லியிருக்கும்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை.

பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது கேட்பாள், தலை வாரும்போது கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொன்னேன். கேட்பது குறைந்தது. ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் எழுப்பலைதான் போலம்மா. எழுப்பின மாதிரி கனவு கண்டிருப்பேன்."

"பரவாயில்லடா," என்றேன். அவளை மன்னித்தேன், டாக்டர். கட்டிப்பிடித்து மன்னித்தேன்.

அன்றிலிருந்து அவளைப்போல ஒரு பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. எனக்கு முன்னால் எழுகிறாள். பாத்திரம் கழுவுகிறாள், துணி மடிக்கிறாள், எனக்கு டீ போட்டு வைக்கிறாள். எதுவும் வேண்டும் என்று கேட்பதில்லை. நான் டியூட்டி முடிந்து வந்து படுத்தால் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கண்விழிக்கும்போதெல்லாம் அவள் முகம் தெரியும், என் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் தூக்கத்துக்கு அலைவேன். இப்போது வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் அல்லவா. அந்தப் பிள்ளையின் குற்ற உணர்ச்சியில் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். பாத்ரூம் போக வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம், "எடுத்துக்கிட்டேன்னு சொல்லு" என்பாளாம். எதை எடுத்துக்கொள்வது என்று அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், சிரிக்குமாம். சொல் வராததால் இவள் எழுந்திருக்க மாட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே சீருடை நனைந்துவிடும். நேற்று உங்களிடமும் மூன்று முறை சொல்லச் சொல்லிவிட்டுத்தான் அறையை விட்டுப் போனாள் என்றீர்கள். ஏன் இப்படி என்று என்னைக் கேட்டீர்கள்.

சொல்கிறேன். அவள் எழுப்பினாள்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, டெய்லர் அத்தை கூப்பிடுறாங்க. அளவு குடுத்துட்டு ஓடி வந்துடுவேன். வாலு கட்டிலுக்கு அடியில கார் ஓட்டிக்கிட்டிருக்கான்."

'ம்' என்றேன்.

"ம் செல்லாது சிஸ்டர். வாயைத் திறந்து சொல்லுங்க."

"எடுத்துக்கிட்டேன்டி, போய்த்தொலை."

தூக்கம் கலையட்டும் என்று எழுந்து குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். கதவைச் சாத்தாமல் வந்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன், சாய்ந்தேன். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவன் பாதம் தரையில் பட்பட்டென்று போவது கேட்டது. தண்ணீரைக் கையால் அடித்துச் சிரித்தான். நனைந்தால் நனையட்டும், வேறு சட்டை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஏதோ விழுந்தது. கொஞ்சம் தண்ணீர் அலம்பியது. பிறகு ஒன்றுமில்லை.

வார்டில் ஒரு பிள்ளையின் சத்தம் நின்றால் ஓடுகிற முதல் ஆள் நான். சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் படுத்திருந்தேன். வீடு அப்படி அமைதியாக இருந்தது. அம்மா என்று யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இதோ எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் தூங்கினேன். இவர்களைப் பெற்ற நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்பீர்கள். வேறு எது கேட்டாலும் செய்கிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். வேலை போனால் போகட்டும். அவளிடம் மட்டும் வேண்டாம். தம்பி போனது தன்னால்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, அதோடு எழுந்து, பல் துலக்கி, பள்ளிக்கூடம் போக இப்போதுதான் அவள் பழகியிருக்கிறாள். இந்த நேரத்தில் போய் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னால், அந்தப் பிஞ்சு மனசு என்னத்துக்கு ஆகும்? பெற்றவள் நான், டாக்டர். என் பிள்ளையை அப்படி வதைக்க என்னால் முடியாது.