முப்பது நாள் கெடு

— அந்த ஸ்டூல்ல உக்காராதே, அதுக்கு ஒரு கால் நொண்டி. டாக்டர் விழுந்து இடுப்பு உடைஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்றது?

— எத்தனை தடவைக்கா சொல்றது, நான் ஊசி போடற டாக்டர் இல்லை.

— தெரியும்டா, படிச்சு வாங்கின டாக்டர். இப்படி வா, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல உக்காரு. கொஞ்சம் சூடா இருக்கும், ஆனா விழமாட்டே.

— மூணு மணி ஆச்சு. நாலு மணிக்கு நேர்காணல். உன் வீட்டுலதான் கரெண்ட் இல்லை, இங்கயாவது நெட் ஒழுங்கா வருமா?

— வரும். எதிர்ல இருக்கிற அரசாங்க ஆபீஸ்ல நெட் போச்சுன்னா அவங்களே என் கடைக்குத்தான் ஓடி வருவாங்க. பின்னாடி ரூம்ல பேப்பர் கட்டையெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கேன். சுவத்துல பூனைக்குட்டி காலண்டர் ஒண்ணு தொங்கிச்சு, அதையும் கழட்டிட்டேன். உலகமே பாக்கப் போகுதே.

— உலகம் இல்லைக்கா, அஞ்சு பேர்தான். அதாவது, இது கடைசிச் சுற்று. நானும் இன்னொரு அம்மாவும்தான் மிச்சம். கிடைச்சா ஒன்பது நாட்டுக்கு நான்தான் இயக்குநர்.

— அப்போ இன்னும் ஒன்பது நாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலைவே. உன் பொண்டாட்டி போன வாரம் போன்ல சொன்னா, 'அவர் வீட்டுல இருந்தா பிள்ளைங்க விருந்தாளி வந்த மாதிரி ஒழுங்கா நடந்துக்குதுங்க அண்ணி'ன்னு.

— வேலை அப்படி.

— அது சரி, அது என்ன வேலைன்னு எனக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், 'உங்க தம்பி என்ன பண்றார்'னு. சமூகப் பாதுகாப்புன்னு சொன்னேன். 'ஓ, செக்யூரிட்டியா? நைட் டியூட்டியா?'ங்கறார்.

— நீ என்ன சொன்னே?

— பகல் டியூட்டிதான்னு சொல்லிட்டேன்.

— அக்கா! அதாவது, வேலை போச்சு, கை கால் போச்சு, வயசாச்சு, புருஷன் போயிட்டார்னா ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துடாம அரசாங்கம் தாங்கிப் பிடிக்கணும். அதுக்குத் திட்டம் எழுதிக் குடுக்கறவன் நான்.

— அதானே! இவ்வளவுதான் விஷயம்னா இதை எதுக்கு நாப்பத்திரெண்டு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கே? மெஷின் இருபதாம் பக்கத்துல சிக்கிக்கிச்சு. அதுக்கே மூச்சு முட்டுது போல.

— சிக்கிச்சா? ஐயோ, சீக்கிரம் எடுக்கா.

— எடுக்கறேன், பதறாதே. கதவைத் திறந்து ரெண்டு தட்டு தட்டினா துப்பிடும். அதுவரைக்கும் நீ பேசப் போறதைச் சொல்லிக் காட்டு. அந்த அஞ்சு பேரா நானே உக்காந்துக்கறேன்.

— சரி. முதல் கேள்வி, 'இந்தத் துறைக்கு ஏன் வந்தீர்கள்?' அதுக்கு நான்… ம்ம். 'எனக்கு ஒன்பது வயது. மர ஆலையில் வேலை பார்த்த என் தந்தையின் காலில் ஒரு பெரிய மரத்துண்டு உருண்டு விழுந்தது. ஓராண்டுக்கும் மேலாக அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்று ஊரே நினைத்தது. அணையவில்லை. மாதந்தோறும் ஒரு பழுப்பு நிறக் கவர் வந்தது. விபத்து நிவாரணத் திட்டத்தின் பணம். அந்தக் கவர்தான் எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தது. அந்தக் கவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவே நான் வளர்ந்தேன்.'

— ம்.

— என்ன 'ம்'? போன வருஷம் ஒரு மாநாட்டுல இதைச் சொன்னப்போ ஒரு அமைச்சரே கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

— நல்லாத்தான் சொல்றே. இருபது வருஷமா இதையேதான் சொல்றியா?

— இதைத்தான். அதுக்குத்தான் காலையில இருந்து கேக்கறேன், அப்பாவோட பழைய ஃபைல் எங்கே? அந்த நிவாரணக் காகிதம் ஒண்ணை ஸ்க்ரீன்ல காட்டினா அப்படியே எடுபடும்.

— பாக்கலாம், பாக்கலாம். ஆள் வர்றாங்க பாரு.

— ஏங்க, ஃபாரம் நிரப்பித் தர்றது இந்தக் கடைதானே? வீட்டுக்காரர் தவறிட்டார். எதிர் ஆபீஸ்ல ஒரு உதவித்தொகை இருக்குன்னாங்க.

— உக்காருங்கம்மா. ஐயையோ, அந்த ஸ்டூல் வேண்டாம். தம்பி, நீ எழுந்திரு, அவங்களுக்கு இடம் குடு. என்னிக்கும்மா தவறினார்?

— அஞ்சு வாரம் ஆச்சுங்க. முன்னாடியே வந்திருக்கணும். எந்தக் காகிதம் எங்கே இருக்குன்னே தெரியல. எல்லாம் அவர்தான் பாத்துப்பார்.

— பரவாயில்லம்மா, இப்ப வந்துட்டீங்கல்ல. பேரு, வயசு, வீட்டு நம்பர் சொல்லுங்க… ம்… பிள்ளைங்க எத்தனை பேர்?… சரி, இங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அந்தச் சின்ன மெஷின்ல ரெண்டு காப்பி போட்டுத் தர்றேன். மூணாம் நம்பர் ஜன்னல்ல குடுங்க. டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொன்னா அங்கேயே நில்லுங்க. முத்திரை போட்ட காப்பி கையில வாங்காம இந்தப் பக்கம் திரும்பாதீங்க.

— எவ்வளவுங்க ஆச்சு?

— முதல்ல வேலை ஆகட்டும். ரோட்டைப் பாத்துத் தாண்டுங்க, பஸ்காரன் கண்ணை மூடிக்கிட்டு வர்றான்.

— பாவம்க்கா.

— பாவம்தான். உன் திட்டம் வந்துட்டா இவங்களுக்கெல்லாம் விடிஞ்சிடும், இல்லையா?

— ம்… இவங்களுக்குக் கிடைக்காது.

— ஏன்டா?

— அஞ்சு வாரம் ஆயிடுச்சே. பதினேழாம் பக்கத்துல இருக்கு பாரு. சம்பவம் நடந்து முப்பது நாளுக்குள்ள விண்ணப்பம் வந்து சேரணும்.

— யார் போட்ட கெடு அது?

— நான்தான். அதாவது, கெடு இல்லைன்னா ஆளாளுக்கு எப்ப வேணா வந்து நிப்பாங்க, யார் உண்மை யார் பொய்னு தெரியாது. அந்த அஞ்சு பேருக்கும் இந்தக் கண்டிப்புதான் பிடிச்சிருக்கு.

— புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கறவ காலண்டரைப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பா?

— முடியும்க்கா! நம்ம வீட்டையே எடுத்துக்கோ. அப்பா கால் உடைஞ்சு படுக்கையில இருந்தார். இருந்தும் முப்பது நாளுக்குள்ள நம்ம படிவம் போய்ச் சேர்ந்துதே, மாசா மாசம் கவர் வந்துதே. ஒரு சாதாரணக் கூலித் தொழிலாளியால முடிஞ்சது எல்லாராலயும் முடியும். இதையும்தான் சொல்லப் போறேன்.

— இதைச் சொல்லாதே.

— ஏன்?

— சொல்லாதேன்னா சொல்லாதே.

— நீ என்னைக்குமே இந்தப் பேச்சு எடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறே. ஏன்க்கா?

— சரி, கேளு. அந்தப் பழுப்புக் கவர் இருக்கே, தெருமுனை ஸ்டேஷனரி கடையில ரெண்டு டஜனா நான்தான் வாங்கி வச்சிருந்தேன்.

— என்னது?

— ஆபீஸ்ல இருந்து ஒரு சல்லிக்காசு வரலடா. பிஸ்கட் கம்பெனியில பாக்கெட் ஒட்டற வேலைக்குப் போனேன். சம்பளத்தைக் கவர்ல போட்டு அம்மாகிட்ட குடுப்பேன். அம்மா அதை 'ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு'ன்னு அப்பா தலைமாட்டுல வைப்பாங்க. அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கிற வரைக்கும், பதினாலு மாசம்.

— நீ டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— டைப்ரைட்டிங் படிக்கிறவ மேல வெனிலா வாசனை அடிக்குமாடா? வீட்டுல நீ ஒருத்தன்தான் மோப்பம் பிடிச்சே. 'அக்கா வந்தா கேக் வாசனை வருது'ன்னு அப்பா முன்னாடியே கத்தினே. உன் வாயை அடைக்கத்தான் உடைஞ்ச பிஸ்கட்டா பொட்டலம் கட்டிக்கிட்டு வருவேன்.

— அது… பேக்கரிக்காரர் சும்மா குடுத்தார்னு சொன்னியே.

— எந்தப் பேக்கரிக்காரர் தினம் சும்மா குடுப்பார்? அந்த ஒரு பொய்யைக் காப்பாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— அப்பாவுக்கு?

— கடைசி வரைக்கும் தெரியாது. அரசாங்கத்தை வாழ்த்திக்கிட்டேதான் போனார். எலக்ஷன் வந்தா விடியறதுக்கு முன்னாடியே குளிச்சுட்டுப் போய் முதல் ஆளா நிப்பாரே, எதுக்குன்னு நினைக்கறே?

— உன் காலேஜ்? நீயாத்தானே நின்னே, பிடிக்கலைன்னு சொன்னியே.

— பிடிக்கலைன்னு சொன்னேன். அதுக்கெல்லாம் அப்பவே அழுது முடிச்சாச்சு. இப்ப நீ எதுக்கு அழறே? மூஞ்சியைத் துடை, கேமராவுல வீங்கித் தெரியும்.

— அந்தத் திட்டத்தைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்தியிருக்கேன்க்கா. அது நமக்கு ஒண்ணுமே செய்யலைன்னு தெரியாம. மேடை போட்டுப் பொய் சொல்லியிருக்கேன்.

— பொய் என்ன? கவர் வந்துது, நாலு பேரும் சாப்பிட்டோம், நீ படிச்சே. திட்டம் நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆபீஸ்தான் வேற.

— ஏன் இத்தனை வருஷம் சொல்லலே?

— நீ அதைச் சொல்றப்போ உன் மூஞ்சில ஒரு வெளிச்சம் வரும். அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். இன்னைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தம்மா இன்னும் ரோட்டைக்கூடத் தாண்டல, அதுக்குள்ள நீ கதவைச் சாத்தறே. அதுதான் பொறுக்கல.

— பேனா குடு.

— எதுக்கு?

— பதினேழாம் பக்கம். அந்தக் கெடுவை அடிச்சுடறேன். அந்த அஞ்சு பேர்கிட்டயும் சொல்லிடறேன், கவர் யார் கையில இருந்து வந்துதுன்னு.

— டேய், அவங்களுக்கு அந்தக் கண்டிப்புதான் பிடிச்சிருக்குன்னு சொன்னே. இப்ப போய் மாத்தினா வேலை அந்த இன்னொரு அம்மாவுக்குப் போயிடாதா?

— போகட்டும். அதாவது… இல்லை, ஒரு அதாவதும் இல்லை. போகட்டும்.

— அதானே, என் தம்பின்னா சும்மாவா! இந்தா, உன் நாப்பத்திரெண்டு பக்கம். மெஷின் துப்பிடுச்சு. உள்ளே போ, மணி ஆச்சு.

— ஒண்ணு மட்டும் புரியலைக்கா. அப்பா எதையும் தள்ளிப் போடற ஆள் இல்லை. தண்ணி வரியைக்கூட முதல் நாளே கட்டுவார். அவர் படிவத்தை எதுக்கு நிராகரிச்சாங்க?

— நிராகரிக்கல.

— பின்னே?

— நேர்காணல் முடிச்சுட்டு வா, சாவகாசமாப் பேசலாம்.

— இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஃபைலைக் குடு.

— வேண்டாம்டா.

— அக்கா.

— பிடிவாதம் மட்டும் மாறல. அலமாரியில கீழ்த்தட்டு. நீல அட்டை.

— இதா? ஒரே ஒரு காகிதம்தான் இருக்கு. அப்பா கையெழுத்து! எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கார். தேதி… விபத்து நடந்து ஆறாவது நாள்! ஆனா ஆபீஸ்ல வாங்கிக்கிட்டதா ஒரு அடையாளமும் இல்லையே. இது போய்ச் சேரவே இல்லையா?

— இல்லை.

— ஆறாவது நாளே எழுதி வச்சுட்டு, ஏன்? யார்கிட்ட குடுத்து அனுப்பினார்?

— அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பரீட்சை. அந்த ஆபீஸ் யாரோட பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்துச்சு, யோசிச்சுப் பாரு.

— என் பள்ளிக்கூடத்தை.

— ரெண்டு மாசம் கழிச்சு, துவைக்கலாம்னு உன் பையைக் கவிழ்த்தப்பதான் கிடைச்சுது. அப்படியே தூக்கிக்கிட்டு ஓடினேன். நாள் முடிஞ்சுதுன்னு ஜன்னலைச் சாத்திட்டாங்க. அம்மாவுக்குக்கூட இதை நான் காட்டல.

— நானா அக்கா?

— ஒன்பது வயசுடா உனக்கு. அதைத் திருப்பிப் பாரு.

— பின்பக்கம்… பென்சில்ல ஒரு யானை.

— நல்ல யானைடா. அதனாலதான் கிழிச்சுப் போட மனசு வரல.