நாலாம் நம்பர்

அவசரப்படாத தம்பி, வரிசை மாறினா எனக்குப் பேச்சு வராது. மொதல்ல பாய்லர் வெடிச்சது. வெந்தது எங்க ஆளுங்க. தொழிலாளியோட கவனக்குறைவுன்னு கம்பெனி எழுதுச்சு. ரெண்டாவது, கேஸ் கசிஞ்சு பொம்பளைங்க மயங்கி மயங்கி விழுந்தாங்க. காலைல சாப்பிடாம வந்திருப்பாங்கன்னு எழுதுச்சு. மூணாவது, ஸ்டிரைக்ல என் காலை உடைச்சாங்க. மழையில வழுக்கி விழுந்தார்னு எழுதுச்சு. மூணுக்கும் எதிரா நோட்டீஸ் போட்டவன் நான். இதே சங்க ஆபீஸ்ல, அதோ மூலையில கெடக்குதே, அந்த மெஷின்லதான் அடிச்சோம்.

நாலாவதுதான் கேன்டீன். வேலையை விட்டுத் தூக்கின செக்யூரிட்டி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உள்ள வந்து சுட்டான். என்னது? சுட்டதா சொல்றாங்கன்னு சொல்லணுமா? திருத்து, நல்லாத் திருத்து. கெழவன் ஆயுசுக்கும் எதையும் நம்பாதவன், நாம சொல்றதுக்குத் தலையாட்டுவான்னு கணக்குப் போட்டுத்தான வந்திருக்க.

போனை அணைக்காத. லைவ்லதான போகுது? போகட்டும். எத்தனை பேர் பாக்கறாங்க? அடேங்கப்பா. எங்க கேட் மீட்டிங்குக்கு என்னைக்குமே இவ்வளவு கூட்டம் வந்ததில்ல.

உன் வீடியோ ஒண்ணு விடாம பாத்தேன். குண்டுச் சத்தம் டிவிக்காரங்க சேத்தது. ரத்தம் கலர்த் தண்ணி. செத்தவங்க கூலிக்கு நடிச்சவங்க. பேரைக்கூட விசாரிக்கல, படத்துல ஆளுக்கொரு நம்பர் போட்டு செவப்பு வட்டம் போட்டுட்ட. இதனால யாருக்கு லாபம்னு கேட்டு முடிக்கிற பாரு, அது என் கேள்வி தம்பி. கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்ட. நாங்க பாய்லர் ரூமுக்குள்ள போயி, வெந்த உடம்பைக் கையில தூக்கிட்டு வந்த பெறகுதான் எழுத உக்காந்தோம்.

வாங்கம்மா, வாங்க. முன்னாடி உக்காருங்க, பெஞ்சு பத்தும். அண்ணே, கடைசியா வர்றது நீங்கதான? தாப்பாளப் போட்டுடுங்க.

ஏன் எந்திரிக்கிற? ஒருத்தரும் உன் மேல கை வைக்க மாட்டாங்க. யாருன்னு தெரியலையா? நீ வட்டம் போட்டியே, அவங்க வீட்டு ஆளுங்க. தாப்பாள் போட்டாரே, அவரு ரெண்டாம் நம்பரோட புருஷன்.

எங்க சங்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. யாரைப் பத்தி எழுதினமோ அவங்க முன்னாடி நின்னு, எழுதினவனே சத்தமா வாசிக்கணும். அவங்க சரின்னாத்தான் மெஷினுக்குப் போகும். அப்படி வாசிக்க முடியாம நானே கிழிச்சுப் போட்டது எத்தனையோ. உன்னுது வாசிக்காமயே ஊரு பூரா போயிடுச்சு. பரவால்ல, இப்ப வாசி. இந்தா, நீ சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதி வச்சிருக்கேன்.

எனக்கென்ன அவசரம்னா கேக்கற? ஞாயித்துக்கெழமை நாலாம் நம்பரோட குழியைத் தோண்டுவோம், உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லியிருக்கியே. உன் ஆளுங்க மண்வெட்டியைப் படம் புடிச்சுப் போட்டுக்கிட்டிருக்காங்க. அதுக்குள்ள அவங்க காதுல விழணும்ல.

பேப்பரை ஏன் கீழ வைக்கிற? எடு, கையில வச்சுக்க. அந்த நாலாம் நம்பர் படத்துல ஒரு கால்லதான் செருப்பு இருக்கு, இதுவே செட்டப்னு சொல்லியிருந்த இல்ல? அன்னைக்குக் காலைல வார் அறுந்துபோச்சுப்பா. நான்தான் பாக்கிங் கயித்தால கட்டிவிட்டேன். ஓடறப்ப அவுந்திருக்கும். சாயங்காலம் புதுசு வாங்கிக்கலாம்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

போனை என் பக்கம் திருப்பு. நான் வாசிக்கிறேன், பின்னாடியே நீ சொல்லு. எல்லாரும் கேட்டுக்கோங்க. போனுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோட நிக்கிறவங்களும் கேட்டுக்கோங்க. நாலாம் நம்பர். பாக்கிங் செக்‌ஷன். என் மக. செக்‌ஷனே கூப்பிட்ட பேரு, குருவி.

காதுல விழல தம்பி. இன்னொரு தடவை. குருவி.