நனையாத மெத்தைகள்

மெத்தை நனையக் கூடாது. எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான். சோபாவில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் சமாளிக்கலாம், மேசையைத் துடைத்துவிடலாம். மெத்தை அப்படியில்லை. ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டால் எரிக்கத்தான் லாயக்கு. காய்ந்திருந்தால் அதைக் கிழித்து, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சை எடுத்து, ஜூடோ விரிப்பு செய்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் விழுந்து புரளும் நீல விரிப்பு இருக்கிறதே, அது யாரோ இருபது வருஷம் தூங்கிய மெத்தை. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை ஐயா, உங்களுக்கு இது வேலை நேரம்.

என் பெயர் சொலேன். ஊர் எல்லையில், லுவார் ஆற்றுப் பக்கம் இருக்கும் கழிவு மையத்தில் வேலை. புதுக் கட்டில் வாங்கும்போது விலைச்சீட்டில் தனியாகச் சில யூரோ போட்டிருப்பார்களே, அது எங்கள் மாதிரி இடத்துக்குத்தான் வருகிறது. செய்து விற்றவனே பழசுக்கும் பொறுப்பு என்பது சட்டம். கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. அவர்கள் எங்கள் முற்றத்தில் கதவு போட்ட, அறை அளவு இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். நிறைந்தால் லாரி வந்து பெட்டியோடு எடுத்துப்போகும். ஒரே நிபந்தனை, உள்ளே இருப்பது உலர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது முறை ஈரமாகப் போனால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் ஊர் முழுக்க மறுபடியும் மெத்தையை ஆற்றங்கரைக் காட்டில் வீசும். சின்ன வயதில் நான் அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் கயெத்தான் என்பவர்.

அவருக்கு வீடில்லை, அறுபது வயதிருக்கும். வேலி ஓட்டை வழியாக வந்து பெட்டிக்குள் படுத்துக்கொள்வார். நல்ல மனிதர், கேலிக்காரர். என்னைப் பார்த்தால், "வந்துட்டாங்கப்பா மெத்தை ராணி. இன்னிக்கு எந்த மெத்தைக்குக் காய்ச்சல்?" என்பார். அவர் படுப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. கதவுதான் பிரச்சினை. ஒரு நாற்காலிக் காலைச் செருகி அதைத் திறந்தே வைப்பார். அந்த இடுக்கு வழியாக மழை வரும். முன்வரிசை நனையும், அதிலிருந்து பின்வரிசை.

சாத்திக்கொண்டு படுங்கள் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"சாத்தினா எனக்கு மூச்சு முட்டும்மா," என்றார். "உள்ளருந்து தொறக்கக் கைப்பிடி கெடையாது, பாத்ததில்லியா நீ?"

பார்த்திருக்கிறேன். அது பெட்டியின் குறை, என் குறை இல்லை. குறைந்தது செருப்பு, ஷூ எதுவும் உள்ளே வேண்டாம் என்றேன். அதை மட்டும் ஒழுங்காகக் கேட்டார். அன்றிலிருந்து ஷூவைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டுத்தான் ஏறுவார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

கேட்டில் நிற்கும் கிஸ்லேன் அவருக்குத் தினமும் காபி கொடுப்பாள். என் அம்மா வயது. அவளிடம் முறையிட்டால், "விடுடி, படுத்துத் தூங்குறவன் மெத்தையத் தின்னுடவா போறான்?" என்பாள். மூன்றாம் முறை நடந்தால் பெட்டி போய்விடும் என்று விளக்கினேன். போனால் போகட்டும் என்றாள். அக்கறை இல்லாதவர்களோடு வேலை செய்வது கஷ்டம் ஐயா.

இயேசுவின் விண்ணேற்பு விடுமுறை வந்தது. வியாழன் பண்டிகை, வெள்ளிக்கும் லீவு போட்டு வார இறுதியோடு சேர்த்துவிட்டார்கள், திங்கள் காலைதான் கேட் திறக்கும். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். புதன் மாலை கிஸ்லேன் தங்கை வீட்டுக்குச் சீக்கிரமே கிளம்பினாள். போகும்போது என்னிடம், "அவனுக்கு இன்னிக்கு இழுப்பு ஜாஸ்தி. கதவ அப்படியே விட்டுடு, புரியுதா?" என்றாள். புரிகிறது என்றேன். புரிந்துமிருந்தது.

பெட்டி முழுக்க நிறைந்திருந்தது. எல்லாம் காய்ந்தது. இவ்வளவு அழகான சரக்கு எங்களுக்கு வந்ததே இல்லை. கதவுப் பக்கம் அவருடைய ஷூ இருந்தது. உள்ளே குறட்டை கேட்டது.

ஏன் எழுப்பவில்லை என்று கேட்கிறீர்கள். எழுப்பினால் பேசுவார். பேசினால் சிரிப்பு வரும், நான் விட்டுவிடுவேன். முன்பு இரண்டு முறையும் அப்படித்தான் விட்டேன். நாற்காலிக் காலை எடுத்து மரக் கழிவுப் பிரிவில் போட்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, குறுக்குச் சட்டத்தை இறக்கினேன்.

ஷூவை மழையில் விட மனம் வரவில்லை. இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிந்து, பழைய துணி, காலணி சேகரிக்கும் பெட்டியில் போட்டேன். ஜோடி பிரிந்தால் யாருக்கும் உதவாது. இடது ஷூவுக்குள் அவருடைய இழுப்பு மருந்துப் பம்பு இருந்தது. மருந்தைக் குப்பையில் போடக் கூடாதல்லவா? வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள், பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்றாள்.

திரும்பும் வழியில் மையத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். நல்ல மழை. தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை, இரும்பில் உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி. என் பெயர் கேட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. மெத்தை ராணி என்றுதான் கேட்டது. அந்த மழையில் கதவைத் திறந்தால் முன்வரிசை போய்விடும். அதனால் மழை விடட்டும் என்று முடிவு செய்தேன். இதில் கோபம் எதுவும் இல்லை, நீங்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை வெயில் வந்தது. முடிவு செய்தபடியே போனேன். கதவுப் பக்கம் நின்று கேட்டேன். சத்தமே இல்லை, அதனால் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

திங்கள் காலை லாரிக்காரர் குறுக்குச் சட்டத்தைத் தூக்கிக் கதவைத் திறந்தார். பின்வாங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டார். கிஸ்லேன் என்னைப் பார்த்தாள். "நீ என்னடி பண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். நான்தான் சாத்தினேன், அவர் உள்ளே இருக்கும்போதே சாத்தினேன் என்று அப்போதே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

ஆனால் மொத்தச் சரக்கையும் நிராகரித்தார்கள் பாருங்கள், அது நியாயமே இல்லை. கதவோரத்து மெத்தை ஒன்றுதான் ஈரமாக இருந்தது, அதுவும் மழையால் இல்லை. அதை மட்டும் எடுத்துப் போட்டிருந்தால் மற்றதெல்லாம் சருகாகக் காய்ந்திருந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன் ஐயா. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.